அடையாற்று மாதர் சங்கமும் வாக்குரிமையும்

1917 மே 8-ஆம் நாள் சென்னை அடையாற்றில் தோன்றிய இந்திய மாதர் சங்கம் பன்னாட்டுப் பெண்டிர் கூடிய அவையாகும். அயர்லாந்தினரான மார்கரெட் கசின்சும் ஆங்கிலேயரான டோரதி ஜினராசதாசாவும் இந்நாட்டுப் பெண்டிரோடு சேர்ந்து அதனை நிறுவினர். அன்னி பெசன்டு அம்மையார் தலைவரானார். அதன் கிளைகளில் தையலும் எழுத்தறிவும் பயிற்றப்பட்டன. இவற்றினும் நாம் பெரிதாகக் கருதுவது, அவ்வாண்டு டிசம்பரில் சரோசினி நாயுடு தலைமையில் பெண்டிர் சென்னையில் மாண்டேகுவைக் கண்டு வாக்குரிமை கேட்டமையே. கசின்சும் உடன் சென்றார்.

1921-இல் சென்னைச் சட்டமன்றம் அதற்கு இசைந்தது. ஆயினும் சொத்துத் தகுதி நீங்கவில்லை. அன்று தென்னார்க்காட்டைச் சேர்ந்திருந்த கள்ளக்குறிச்சியின் கூலிப் பெண்டிர்க்கும், ஜாகிர்தாரர்க்கு உட்பட்டிருந்த கல்வராயன் மலையின் சொத்தில்லாப் பெண்டிர்க்கும் அவ்வுரிமை எட்டவில்லை. சங்கத்தின் வெற்றியைப் போற்றுவார் இவ்வெல்லையையும் உடன் எழுதுதல் வேண்டும்.