நம் முன்னோரும் பங்கு ஏடுகளும்

ஞானஸ்நானம் பெறுவோரின் ஞானப் பெற்றோர் பெயரையும், மணமக்களின் பெயரையும் பங்குக்குரு ஏட்டில் எழுதி வைக்க வேண்டுமென்று 1563-ஆம் ஆண்டில் திரிதெந்தீன் பொதுச்சங்கம் கட்டளையிட்டது. 1614-இல் வெளிவந்த உரோமைச் சடங்கு நூல் மரித்தோருக்கும் ஏடு வகுத்தது. ஆன்ம நலம் கருதி எழுதப்பட்ட இவ்வேடுகளே இன்று வம்சாவளி தேடுவோருக்கும் வழிகாட்டுகின்றன.

இந்நாளில் உமிழ்நீரைப் பரிசோதனைக்கு அனுப்பி, மரபணு ஒத்திருக்கும் உறவினரை அறிகிறார்கள். இணையத்தில் குடும்ப மரமும் வரைகிறார்கள். தாயிடமிருந்து பாதி, தந்தையிடமிருந்து பாதி என மரபணு பிள்ளைக்கு வருகிறது. உடன்பிறந்தாரின் மக்கள் தம்முள் சராசரியாக எட்டில் ஒரு பங்கைப் பகிர்ந்திருப்பர். ஆனால் மாமன் மகளையும் அத்தை மகளையும் தலைமுறைதோறும் மணந்துவரும் நம் குடும்பங்களில், ஒரே மூதாதையின் மரபணு பல வழிகளில் வந்து சேர்வதால், தூரத்து உறவும் நெருங்கிய உறவாகத் தோன்றும். உறவு உண்டென்று பரிசோதனை சொல்லும். எவ்வழி உறவென்று ஏடுதான் சொல்லும். இரத்த உறவுத் தடைக்கு விலக்கு அளித்ததைத் திருமண ஏட்டில் குறித்து வைத்த பழைய குருக்கள், தாம் அறியாமலே இம்முடிச்சை அவிழ்க்க உதவியுள்ளனர்.

1834-இல் தொடங்கிய ஒப்பந்தக் கூலி முறையில் மொரீசியசுத் தீவுக்குக் கப்பலேறியவர்களில் தமிழர் பலர். அத்தகையோரின் சந்ததியார் வேரைத் தேடி வருகையில், கரையான் அரித்த ஏட்டைக் காட்டி நாம் கைவிரிக்கலாமா?

மற்றொன்றும் மறவாதிருப்போம். மறைந்திருந்த பிறப்பு உண்மையைப் பரிசோதனை வெளிப்படுத்தினால், ஒரு தாயின் மனம் நொறுங்கலாம். தத்துப்பிள்ளை ஒன்று கலங்கி நிற்கலாம். ஆகவே ஏட்டைக் காப்பதும் கடமை, ஏட்டிலுள்ளோரின் மானத்தைக் காப்பதும் கடமை. ஞானஸ்நானத் தொட்டியில் மறுபிறப்படைந்த எவரும் தகப்பனற்றவர் அல்லர் என்பதை நினைவிற்கொள்வோமாக.