ஜாங்கோ காட்டும் அடிமைக்காலம்

குவென்டின் டாரண்டினோவின் ‘ஜாங்கோ அன்செயின்ட்’ (2012), கௌபாய் படங்கள் பெரும்பாலும் ஒதுக்கிவைத்த அடிமைமுறையைக் கதையின் மையத்துக்குக் கொண்டுவந்தது. கதை 1858இல், அமெரிக்க உள்நாட்டுப் போருக்குச் சற்று முன்பு தொடங்குகிறது.

முதல் காட்சியில், காலில் விலங்கிட்ட கறுப்பின ஆண்கள் டெக்சாஸ் வழியே வரிசையாக நடத்திச் செல்லப்படுகிறார்கள். இது வெறும் கற்பனையன்று. 1808இல் வெளிநாட்டிலிருந்து அடிமைகளைக் கொண்டுவருவது தடைசெய்யப்பட்டபின், வர்ஜீனியா போன்ற மாநிலங்களிலிருந்து லட்சக்கணக்கானோர் தெற்கின் பருத்தித் தோட்டங்களுக்குக் கொண்டுபோகப்பட்டனர். பலர் சங்கிலியோடு நடந்தே போனார்கள். குடும்பங்கள் சிதறின. கதாநாயகன் ஜாங்கோவும் அவன் மனைவி புரூம்ஹில்டாவும் தனித்தனியே விற்கப்படுவது அந்தக் கொடுமையின் பதிவு. கதை பின்னர் நகரும் மிசிசிப்பியில், 1860 கணக்கெடுப்பின்படி மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அடிமைகள்.

தோட்ட முதலாளி கேண்டி, ஒரு மண்டையோட்டைக் காட்டிக் கறுப்பர்கள் பணியவே பிறந்தவர்கள் என்று வாதிடுகிறான். மண்டையோட்டின் வடிவால் குணத்தை அளக்கும் போலி அறிவியல் அன்று உண்மையிலேயே செல்வாக்குப் பெற்றிருந்தது. இனவெறிக்கு அது அறிவின் வேடம் பூட்டியது.

படம் வரலாற்றை மீறும் இடங்களும் உண்டு. அடிமைகளைச் சாகும்வரை மோதவிடும் பந்தயத்துக்கு வரலாற்றாசிரியர்கள் உறுதியான சான்று காணவில்லை. படத்தில் வரும் முகமூடிக் கும்பல் நினைவூட்டும் வெள்ளை இனவெறி அமைப்பான கு க்ளக்ஸ் க்ளான் போருக்குப் பிறகே தோன்றியது. அடிமைமுறையைச் சட்டப்படி ஒழித்தது படத்தில் பழிதீர்க்கும் ஜாங்கோவைப் போன்ற தனிமனிதனின் துப்பாக்கி அன்று. போரும், அதைத் தொடர்ந்து 1865இல் நிறைவேறிய 13ஆவது அரசியல் சட்டத் திருத்தமும்தான்.