சென்டாயிலிருந்து மொட்டை மாடிக்கு: யாகி–உடா ஆன்டெனாவின் வரலாறு

ரேடியோ அலையை நாலாபுறமும் சிதறவிடாமல் வேண்டிய திசைக்கு மட்டும் அனுப்பும் முயற்சி, அந்த அலை கண்டுபிடிக்கப்பட்ட காலத்திலேயே தொடங்கிவிட்டது. ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவே நகரில் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் 1888-இல் ஏறக்குறைய 66 செ.மீ. நீள அலைகளை உண்டாக்கி, பரவளைய வடிவில் வளைத்த துத்தநாகத் தகடுகளைக் கொண்டு அவற்றை ஒரு கற்றையாகக் குவித்துக் காட்டினார். அந்தத் தகடுகள் இரண்டு மீட்டர் உயரம் இருந்தன. மார்க்கோனியும் தொடக்கத்தில் இத்தகைய ஆடிகளைப் பயன்படுத்தினார். ஆனால் தொலைதூரச் செய்திக்கு நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான மீட்டர் நீளமுள்ள அலைகளே உதவும் என்று பொறியாளர்கள் நம்பத் தொடங்கியதும் ஆடிகளுக்கு வேலையில்லாமல் போயிற்று. அலையைக் குவிக்கும் ஆடி அந்த அலையைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். கிலோமீட்டர் நீள அலைக்கு அப்படி ஒரு ஆடியைக் கட்ட யாராலும் இயலாது.

1920-களில் வால்வுகளின் உதவியால் சிற்றலைகளை உண்டாக்குவது எளிதானபோது, திசைப்படுத்தும் எண்ணம் மீண்டும் உயிர்பெற்றது. பிரிட்டனில் மார்க்கோனி நிறுவனம் உயர்ந்த கோபுரங்களுக்கிடையே கம்பித் திரைகளைத் தொங்கவிட்டுப் பிரிட்டிஷ் பேரரசின் நாடுகளோடு தொடர்பு கொண்டது. அதற்குப் பெரும் நிலமும் பெரும் பொருளும் தேவைப்பட்டன. அதே காலத்தில் ஜப்பானின் சென்டாய் நகரில், தோஹோகு பேரரசுப் பல்கலைக்கழகத்தில், மிக எளிய வேறொரு வழி உருவாகிக்கொண்டிருந்தது. பேராசிரியர் ஹிதெத்சுகு யாகியின் துறையில் பணியாற்றிய ஷின்தாரோ உடா, சில மீட்டர் நீள அலைகளை வைத்துக்கொண்டு கம்பிகளின் நீளத்தையும் இடைவெளியையும் மாற்றி மாற்றி அளந்தார். இருவரும் சேர்ந்து எழுதிய சிறு ஆங்கிலக் கட்டுரை 1926-இல் வெளிவந்தது. உடா தன் ஆய்வு விவரங்களை ஜப்பானிய மொழியில் தொடர் கட்டுரைகளாக எழுதினார்.

அவர்கள் கண்டது இதுதான். ஒரு சட்டத்தில் இணையாக அடுக்கிய கம்பிகளுள் ஒன்றுக்கு மட்டுமே மின்னிணைப்பு இருந்தால் போதும். அரை அலை நீளமுள்ள அந்தக் கம்பி டைபோல் எனப்படுகிறது. அது வீசும் அலை பக்கத்துக் கம்பிகளில் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது; அவையும் அலையை மறுபடி வீசுகின்றன. டைபோலைவிட ஏறக்குறைய ஐந்து விழுக்காடு நீளமான கம்பியைப் பின்னால் வைத்தால், அந்தப் பக்கம் செல்லும் அலைகள் ஒன்றையொன்று பெரும்பாலும் அழித்துக்கொள்கின்றன. முன்பக்கம் செல்பவை சேர்ந்து வலுப்பெறுகின்றன. இது ரிஃப்ளெக்டர். சற்றுக் குட்டையான கம்பிகளை முன்னால் வரிசையாக வைத்தால் அலை அவ்வரிசை நெடுகக் குவிந்து ஓடுகிறது, இவை டைரக்டர்கள். நீளம் மாறும்போது கம்பியில் ஓடும் மின்னோட்டம் முந்துவதோ பிந்துவதோ மாறுகிறது. திசை கிடைப்பது இந்தக் கால வேறுபாட்டினால்தான். டைரக்டர்களைக் கூட்டக் கூட்டக் கற்றை குறுகும். ஆனால் புதிதாகச் சேரும் ஒவ்வொன்றும் தரும் பலன் முந்தையதைவிடக் குறைவு. அலையை வீசும்போது எந்தத் திசை வலுவாக இருக்கிறதோ, ஏற்கும்போதும் அதே திசைதான் வலுவாக இருக்கும்.

யாகி 1928-இல் அமெரிக்க ரேடியோப் பொறியாளர் கழகத்தின் இதழில் எழுதிய ஆங்கிலக் கட்டுரையே இந்த அமைப்பை உலகறியச் செய்தது. உடாவின் பங்கை அதில் அவர் குறிப்பிட்டிருந்தார். ஆயினும் ஜப்பானிய மொழியறியாத வெளிநாட்டவருக்கு யாகியின் பெயரே பழகிப்போயிற்று. காப்புரிமையும் யாகியின் பெயரிலேயே இருந்தது. வெளிநாட்டு நிறுவனங்கள் அந்த உரிமையைப் பெற்றுக்கொண்டன. பிறந்த நாட்டிலோ ஆன்டெனாவைப் பெரிதாக யாரும் பொருட்படுத்தவில்லை. எதிரியைத் தேட அலை வீசினால் தன் இருப்பிடமே வெளிப்பட்டுவிடும் என்ற கருத்து ஜப்பானியப் படையில் நிலவியது.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தபோது பிரிட்டிஷ் ரேடார் கருவிகளும் அவற்றைப் பற்றிய குறிப்பேடு ஒன்றும் ஜப்பானியர் கையில் சிக்கின. அதில் திரும்பத் திரும்ப வந்த ‘யாகி’ என்பது என்னவென்று அவர்களுக்கு விளங்கவில்லை. அது ஜப்பானியப் பேராசிரியர் ஒருவரின் பெயர் என்பதைச் சிறைப்பட்ட பிரிட்டிஷ் வீரர் சொல்லித்தான் தெரிந்துகொண்டார்கள் என்று கூறப்படுகிறது. கடலில் கப்பல்களைத் தேடிய பிரிட்டிஷ் விமானங்களின் இறக்கைகளில் அதற்குள் இந்த ஆன்டெனாக்கள் பொருத்தப்பட்டிருந்தன. 1945-இல் ஹிரோஷிமாவின் மேல் குறிப்பிட்ட உயரத்தில் அணுகுண்டை வெடிக்கச் செய்த ரேடார் உயரமானிகளும் யாகி ஆன்டெனாக்களையே கொண்டிருந்தன.

போருக்குப் பின் தொலைக்காட்சி இதை வீடுகளின் கூரைக்குக் கொண்டுவந்தது. 200 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 1.5 மீட்டர், எனவே அதற்குரிய டைபோல் ஏறக்குறைய 75 செ.மீ. இருந்தால் போதும். அலுமினியக் குழாய்களை வெட்டி, துளையிட்டு, திருகு முடுக்கிச் சிறு பட்டறையிலேயே இதைச் செய்துவிடலாம். கோபுரமும் பரந்த நிலமும் கேட்ட பழைய கற்றை நிலையங்களோடு ஒப்பிட, இந்த மலிவே அதன் பரவலுக்குக் காரணம்.

சென்னையில் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது. அதன் ஒளிபரப்பு எட்டாத தென்மாவட்டங்களுக்கு முதலில் கிடைத்தது இலங்கையின் ரூபவாஹினி. ஜப்பான் அரசின் உதவியோடு அமைந்த அந்நிலையம் 1982 பிப்ரவரியில் ஒளிபரப்பத் தொடங்கியது. 2,500 மீட்டருக்கு மேல் உயரமான பிதுருதலாகல மலையிலிருந்து அதன் அலைகள் மன்னார் வளைகுடாவைக் கடந்து வந்தன. கடலின் மேல் ஈரமான குளிர்க்காற்றும் அதற்கு மேல் உலர்ந்த வெப்பக்காற்றும் படியும் வேளைகளில், தொடுவானத்தைத் தாண்டிச் செல்ல வேண்டிய அலை வளைந்து தரையை ஒட்டியே ஓடும். அதனால் ஒரு நாள் தெளிவாகத் தெரிந்த படம் மறுநாள் வெறும் புள்ளிகளாகிவிடும். தூத்துக்குடி, நெல்லை, இராமநாதபுரம் பக்கங்களில் வீட்டுக்கு வீடு உயர்ந்த குழாய்களில் ஆன்டெனாவைத் தூக்கி நிறுத்தி, ‘பூஸ்டர்’ பொருத்தி, தென்கிழக்கே திருப்பிவைத்தார்கள். காற்றில் அது திரும்பிவிட்டால் ஒருவர் மாடியில் நின்று குழாயைச் சுழற்ற, கீழே இருப்பவர் படம் தெரிகிறதா என்று குரல் கொடுக்க வேண்டியிருந்தது. குறுகிய கற்றைக்குத் தர வேண்டிய விலை அது: திசை சற்று விலகினாலும் அலை வலுவிழக்கும்.

1990-களில் கேபிளும் பின்னர் வீட்டுக்கு வீடு வந்த டிஷ்ஷும் மாடிக் கம்பிகளை அகற்றின. ஆனால் யாகி–உடா அமைப்பு ஓய்வுபெறவில்லை. திருப்பதிக்கு அருகே காடங்கியிலுள்ள வளிமண்டல ரேடாரில் 1,024 யாகி ஆன்டெனாக்கள் 130 மீட்டர் சதுரப் பரப்பில் நிற்கின்றன. 53 மெகாஹெர்ட்ஸ் அலையை மேல்நோக்கி வீசி, உயரே வீசும் காற்றின் வேகத்தையும் திசையையும் அவை அளக்கின்றன. ஹாம் வானொலி ஆர்வலர்கள் செயற்கைக்கோள்களோடு பேசவும், கழுத்தில் ரேடியோப் பட்டை கட்டிய விலங்குகளைக் காட்டில் தேடவும் கையடக்க யாகிகள் பயன்படுகின்றன.

யாகியும் உடாவும் 1976-இல் மறைந்தார்கள். உடா 1950-களில் யுனெஸ்கோ வல்லுநராக இந்தியாவுக்கு வந்து புது தில்லித் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியிருந்தார். நெடுங்காலம் ஒருவர் பெயராலேயே வழங்கிய அமைப்பை இன்று பாடநூல்கள் இருவர் பெயரையும் சேர்த்தே குறிக்கின்றன.