ஆட்டிசமும் பெற்றோரின் மனநோயும்: பழியிலிருந்து உதவி வரை

1938ஆம் ஆண்டு. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ஃபாரஸ்ட் என்றொரு சிற்றூர். அங்கு வக்கீலாக இருந்த பீமன் டிரிப்லெட், தன் ஐந்து வயது மகன் டொனால்டைப் பற்றி ஒரு மருத்துவருக்குக் கடிதம் எழுதினார். தட்டச்சில் 33 பக்கங்கள்! பையன் தனியாக இருந்தால்தான் மகிழ்ச்சியாக இருக்கிறான், யார் வந்தாலும் போனாலும் கண்டுகொள்வதில்லை, கையில் கிடைத்ததையெல்லாம் சுழற்றி வேடிக்கை பார்க்கிறான், கேட்டதை அப்படியே ஒப்பிக்கிறான் என்று ஒவ்வொன்றாகக் கவனித்து எழுதியிருந்தார்.

கடிதத்தைப் பெற்றவர் பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பணியாற்றிய குழந்தை மனநல மருத்துவர் லியோ கானர். 1943ல் அவர் 11 குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். ஆட்டிசம் என்று இன்று உலகம் அறிந்திருக்கும் நிலைக்கு அடித்தளம் போட்ட கட்டுரை அது. அதில் முதலில் வரும் குழந்தை டொனால்ட்.

அந்தக் கட்டுரையில் பலர் கவனிக்காமல் போகும் ஒரு குறிப்பு உண்டு. டொனால்டின் தந்தை வேலைப் பளுவால் இரண்டு முறை மனம் முறிந்து போனவர் என்று கானர் எழுதியிருக்கிறார். அதாவது, தன் மனத்தோடும் போராடிக்கொண்டு ஆட்டிசம் உள்ள பிள்ளையையும் வளர்க்கும் பெற்றோர், அந்த முதல் பக்கங்களிலேயே வந்துவிடுகிறார். அவரை மருத்துவ உலகம் எப்படிப் பார்த்தது? அந்தப் பார்வை மாற எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

குளிர்சாதனப் பெட்டித் தாய்

1943ல் கானர் தெளிவாகத்தான் இருந்தார். இந்தக் குழந்தைகளின் இயல்பு பிறவியிலேயே அமைந்தது என்றுதான் கட்டுரையை முடித்தார். ஆனால் பெற்றோரில் அன்பை வெளிப்படையாகக் காட்டுபவர்கள் குறைவு என்றும் சொல்லியிருந்தார். அடுத்த சில ஆண்டுகளில் இந்த இரண்டாவது கருத்தே மேலோங்கியது. 1949ல் எழுதிய கட்டுரையில், பனி உருகாத குளிர்சாதனப் பெட்டியில் வைக்கப்பட்ட பிள்ளைகளைப் போல இவர்கள் வளர்ந்ததாக அவரே எழுதினார். அதிலிருந்து பிறந்ததுதான் 'குளிர்சாதனப் பெட்டித் தாய்' என்ற கொடிய பட்டம்.

அதை ஊரறியச் செய்தவர் சிகாகோவில் மனநலம் குன்றிய குழந்தைகளுக்கான பள்ளி ஒன்றை நடத்திய புரூனோ பெட்டல்ஹைம். நாஜிகளின் வதைமுகாம்களில் கைதியாக இருந்து மீண்டவர் அவர். 1967ல் வெளியிட்ட தன் நூலில், ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் நிலையை முகாம் கைதிகளின் நிலையோடு ஒப்பிட்டார். அப்படியானால் அம்மா யார்? முகாமின் காவலாளி! குழந்தையைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வைப்பதே சிகிச்சை என்றாயிற்று. பல ஊர்களில் அம்மாக்கள் மனப்பகுப்பாய்வு செய்துகொள்ள அனுப்பப்பட்டார்கள். அது அவர்கள் துயரத்தைத் தணிப்பதற்காக அல்ல, அவர்களிடம் உள்ள குற்றத்தைக் கண்டுபிடிப்பதற்காக. இதில் வேதனையான முரண் என்னவென்றால், பெட்டல்ஹைமே நீண்ட காலம் மனச்சோர்வோடு வாழ்ந்தவர்.

இந்தச் சூழலில் உண்மையிலேயே மனச்சோர்வு உள்ள ஒரு தாய் என்ன செய்திருக்க முடியும்? இரவெல்லாம் தூங்க முடியவில்லை, அழுகை வருகிறது, வாழப் பிடிக்கவில்லை என்று மருத்துவரிடம் சொன்னால், அதுவே அவளுக்கு எதிரான சாட்சியாகிவிடும். பிள்ளையே கையைவிட்டுப் போகலாம். வாயை மூடிக்கொண்டிருப்பதே பாதுகாப்பு.

விடுதலையும் அதன் விலையும்

இந்தப் பழியை முதலில் உடைத்தவர்கள் பெற்றோர்களே. சான்டியேகோவில் கடற்படையில் உளவியலாளராக இருந்த பெர்னார்ட் ரிம்லண்டின் மகனுக்கு ஆட்டிசம். கிடைத்த ஆய்வுகளையெல்லாம் தேடிப் படித்த ரிம்லண்ட், ஆட்டிசம் உடலும் மூளையும் சார்ந்தது, வளர்ப்பால் வருவதல்ல என்று வாதிட்டு 1964ல் ஒரு நூல் எழுதினார். அதற்கு முன்னுரை தந்தவர் கானர்! 1965ல் அமெரிக்காவில் பெற்றோர்களின் தேசியச் சங்கம் தொடங்கியது. 1969ல் அச்சங்கத்தின் கூட்டத்தில் பேசிய கானர், பெற்றோர்களைக் குற்றத்திலிருந்து விடுவிப்பதாக அறிவித்தார்.

பிறகு அறிவியலும் துணைக்கு வந்தது. 1977ல் சூசன் ஃபோல்ஸ்டீன், மைக்கேல் ரட்டர் இருவரும் 21 இரட்டையர் ஜோடிகளை ஆராய்ந்தார்கள். ஒரே கருவிலிருந்து பிறந்த 11 ஜோடிகளில் 4 ஜோடிகளில் இருவருக்கும் ஆட்டிசம் இருந்தது. வெவ்வேறு கருக்களிலிருந்து பிறந்த 10 ஜோடிகளில் அப்படி ஒன்றுகூட இல்லை. மரபணுவின் பங்கு இதனால் தெரிந்தது.

ஆனால் இந்த விடுதலைக்கும் ஒரு விலை இருந்தது. ரிம்லண்டின் வாதங்களில் ஒன்று, இந்தப் பெற்றோரிடையே மனநோய் குறைவு என்பது. பழிக்கு எதிராக நிற்கும்போது அது நல்ல ஆயுதம்தான். ஆனால் 'நாங்கள் நலமாக இருக்கிறோம், எனவே குற்றமற்றவர்கள்' என்றால், நலமாக இல்லாத பெற்றோர் என்ன ஆவார்? முன்பு அவர் குற்றவாளி. இப்போது தன் சொந்த அணிக்கே சங்கடம்.

உண்மை வெளிவந்தது

1990களில் ஆய்வாளர்கள் மெல்ல இந்தப் பக்கம் திரும்பினார்கள். ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் பெற்றோரிடையே மனச்சோர்வு அதிகம் என்று தெரிந்தது. பலருக்கு அது பிள்ளை பிறப்பதற்கு முன்பே தொடங்கியிருந்தது. 2008ல் வெளிவந்த சுவீடன் நாட்டு ஆய்வு, அந்நாட்டு மருத்துவமனைப் பதிவேடுகளை வைத்து நடந்தது. ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் பெற்றோரிடையே மனச்சிதைவு நோய் ஏறத்தாழ இரு மடங்கு காணப்பட்டது. 2013ல் 33,000க்கும் மேற்பட்ட நோயாளிகளை ஆராய்ந்த பன்னாட்டுக் குழு ஒன்று, ஆட்டிசம், கவனக்குறைவு மிகையியக்கம், இருதுருவ நோய், மனச்சோர்வு, மனச்சிதைவு ஆகிய ஐந்துக்கும் சில மரபணு வேர்கள் பொதுவாக இருப்பதைக் காட்டியது.

பழைய கொள்கை இதனால் தலைகீழாகிறது. அம்மாவின் மனநோய் பிள்ளைக்கு ஆட்டிசத்தை உண்டாக்கவில்லை. ஒரே குடும்பத்து மரத்தில் இரண்டு கிளைகளாக இவை வரக்கூடும். அதற்கு மேல் தூக்கமில்லாத இரவுகள், சிகிச்சைச் செலவு, அக்கம்பக்கத்தாரின் பேச்சு ஆகிய சுமைகள் வந்து சேர்கின்றன. ஏற்கெனவே தளர்ந்த மனத்தை அவை இன்னும் தளரச் செய்கின்றன. இதில் யாருடைய குற்றம் எங்கே இருக்கிறது?

சட்டத்தில் வந்த மாற்றம்

2006ல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை முக்கியமான திருப்பம். குழந்தையின் மாற்றுத்திறனையோ பெற்றோரின் மாற்றுத்திறனையோ காரணம் காட்டிப் பிள்ளையைப் பிரிக்கக் கூடாது என்று அதன் 23வது பிரிவு சொல்கிறது. பிரிப்பதே மருந்து என்ற பெட்டல்ஹைம் காலத்திலிருந்து எவ்வளவு தூரம்! இந்தியா 2007ல் இதை ஏற்றது. அதன் தொடர்ச்சியாக வந்த 2016ஆம் ஆண்டுச் சட்டம் ஆட்டிசம், மனநோய் இரண்டையும் ஒரே பட்டியலில் சேர்த்தது. மனநலச் சிகிச்சையில் உள்ள தாயிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைச் சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் கூறுகிறது. குழந்தைக்கு ஆபத்து போன்ற நிலைகள் மட்டும் விதிவிலக்கு.

சட்டம் வந்துவிட்டால் போதாது. பிள்ளையைப் பயிற்சிக்கு அழைத்து வரும் அம்மாவிடம் 'நீங்கள் தூங்குகிறீர்களா? உங்கள் மாத்திரையைச் சரியாகச் சாப்பிடுகிறீர்களா?' என்று கேட்பதும் பிள்ளைக்கான சிகிச்சையின் ஒரு பகுதிதான். அந்தக் கேள்வியில் பழி இல்லாதபோதுதான் உண்மையான பதில் வரும்.

டொனால்ட் பட்டப்படிப்பு முடித்து, வங்கியில் வேலை பார்த்து, உலகம் சுற்றி, 2023ல் தன் 89வது வயதில் மறைந்தார். அவரை உலகுக்கு அறிமுகம் செய்தது 33 பக்கக் கடிதம். அதை எழுதியவர் மனம் முறிந்து மீண்ட ஒரு தந்தை. நோயுற்ற மனம் கொண்டவரால் பிள்ளையைக் கூர்ந்து பார்க்க முடியாது என்று வாதாடியவர்கள், தங்கள் துறையின் முதல் சான்றையே மறந்துவிட்டார்கள்.