உயிரும் நினைவும்



வரலாறு என்றவுடன் மன்னர்களின் போர்களும் அவர்கள் ஆண்ட காலமுமே உங்கள் நினைவிற்கு வரும். இன்று நான் கூற விரும்புவது வேறொரு போரின் வரலாறு. குழந்தைகளைத் தாக்கும் இரத்தப் புற்றுநோயை மருத்துவர்கள் வென்ற வரலாறு அது. அவ்வெற்றிக்குக் குழந்தைகளின் நினைவாற்றலையே விலையாகக் கொடுக்க நேர்ந்தது. அதனைக் கண்டு வருந்தி, அவ்விலையைக் குறைக்க முயன்றவர்களும் மருத்துவர்களே ஆவர்.

இதனை நான் அறிய நேர்ந்ததற்கு என் பிழை ஒன்றே காரணம். பல ஆண்டுகளுக்கு முன்பு ஒன்பதாம் வகுப்பிற்குக் கணக்குக் கற்பித்து வந்தேன். அவ்வகுப்பில் ஒரு மாணவன் முதல் நாள் கற்பித்ததை மறுநாள் கேட்டால், "மறந்துவிட்டது, ஐயா" என்பான். சோம்பல் என்று கருதி, எல்லார் முன்னிலையிலும் அவனைக் கடிந்துகொண்டேன். மறுநாள் அவன் தாயார் வந்தார். "நான்கு வயதில் இவனுக்கு இரத்தப் புற்றுநோய் வந்தது, ஐயா. தலையில் கதிர்வீச்சுச் செலுத்தித்தான் பிழைக்க வைத்தார்கள். அதன்பின் எதுவும் இவன் மனத்தில் எளிதில் நிற்பதில்லை" என்றார். நான் தலைகுனிந்தேன். அன்று தொடங்கித் தேடிப் படித்தவற்றையே இப்போது உங்களிடம் கூறுகிறேன்.

1940-களின் நடுப்பகுதி வரை இந்நோய்க்கு மருந்தே இல்லை. நோயுற்ற குழந்தைகள் சில வாரங்களிலோ சில மாதங்களிலோ இறந்தனர். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் சிட்னி ஃபார்பர் என்னும் மருத்துவர், 'அமினோப்டெரின்' என்னும் மருந்தை 16 குழந்தைகளுக்குக் கொடுத்தார். பத்துக் குழந்தைகளின் நோய் தணிந்தது. 1948-இல் அவர் இதனை வெளியிட்டார். அம்மருந்தை உருவாக்கிய ஆய்வுக் குழுவின் தலைவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். ஆந்திர நாட்டிற் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்றவர். பள்ளியிறுதித் தேர்வில் மூன்றாம் முயற்சியிலேயே தேறியவர் என்பதையும் மாணவர்களாகிய நீங்கள் அறிந்துகொள்வது நன்று.

ஆயினும் தணிந்த நோய் மீண்டும் தலைகாட்டியது. அது பெரும்பாலும் மூளையைச் சூழ்ந்த உறைகளிற் பதுங்கியிருந்தது. மூளைக்கு இயற்கை ஓர் அரண் அமைத்திருக்கிறது. இரத்தத்தில் உள்ள பொருள்கள் எல்லாம் அதனைக் கடந்து மூளைக்குட் செல்ல இயலா. நஞ்சைத் தடுக்கும் அவ்வரண் மருந்தையும் தடுத்துவிட்டது. கோட்டைக்குள் ஒளிந்த பகைவனைப் போல நோய் அங்கே பிழைத்திருந்தது.

1962-இல் மெம்ஃபிஸ் நகரில் புனித யூதா குழந்தைகள் மருத்துவமனை திறக்கப்பட்டது. அக்காலத்தில் இந்நோயினின்று தப்பியவர் நூற்றுக்கு நால்வரே. அங்கே டொனால்டு பிங்கல் என்பார், மருந்துகளோடு தலைக்குக் கதிர்வீச்சும் செலுத்தும் முறையை வகுத்தார். 1967-இல் தொடங்கிய சிகிச்சைத் திட்டத்தில் கதிர்வீச்சின் அளவு 2400 ராட். முதுகெலும்பின் உள்நீரிலும் மருந்து செலுத்தப்பட்டது. ஏறத்தாழப் பாதிக் குழந்தைகள் பிழைத்தனர். உலகம் வியந்தது.

பிழைத்த குழந்தைகள் பள்ளிக்குச் சென்றனர். சில ஆண்டுகளுக்குப் பின்னரே தீங்கு வெளிப்பட்டது. அவர்களிற் பலருக்குக் கவனம் சிதறியது. கற்றது நினைவில் நிலைக்கவில்லை. எண்ணும் வேகம் குறைந்தது. கணக்குப் பாடம் பெருஞ்சுமையாயிற்று. குழந்தைப் பருவத்தில் மூளையின் நரம்பிழைகளைச் சுற்றி வெண்ணிற உறை வளர்ந்துகொண்டிருக்கும். அவ்வளர்ச்சியைக் கதிர்வீச்சுக் குலைத்தது. வயது குறையக் குறையத் தீங்கு மிகுந்தது.

நோயை வென்று தந்த கருவியைக் கைவிட யாருக்குத்தான் மனம் வரும்? மருத்துவர்களோ அளவை முதலில் 1800 ராடாகக் குறைத்தனர். பின்னர், தீவிரமான நிலையில் இருந்தவர்க்கு மட்டும் அதனைக் கொடுத்தனர். 2000-ஆம் ஆண்டு முதல் 2007 வரை அதே மெம்ஃபிஸ் மருத்துவமனையின் திட்டத்திற் சேர்ந்த 498 குழந்தைகளுக்குத் தடுப்புக் கதிர்வீச்சு அடியோடு விலக்கப்பட்டது. மருந்துகளே செம்மையாக அளந்து கொடுக்கப்பட்டன. நூற்றுக்குத் தொண்ணூற்று மூவருக்கு மேல் ஐந்தாண்டு கடந்தும் உயிர் வாழ்வர் என்னும் கணிப்பு 2009-இல் வெளிவந்தது. உயிரையும் காக்கலாம், நினைவையும் பெரிதும் காக்கலாம் என்பது புலனாயிற்று.

மருந்துகளும் முற்றிலும் தீங்கற்றவை அல்ல. அவற்றால் கவனமும் நினைவும் சற்றே தளர்வதுண்டு. பெரியவர்களிலும் சிகிச்சைக்குப் பின் மறதியால் வருந்துவோர் உளர்; அவர்களிற் பலருக்கு அது காலப்போக்கிற் குறைகிறது.

அத்தாயார் வந்து சென்றபின், அம்மாணவனுக்கு வாய்பாடுகளை ஓர் அட்டையில் எழுதிக் கொடுத்தேன். வகுப்புத் தேர்வுகளில் அரைமணி நேரம் கூடுதலாகவும் அளித்தேன். அவன் கணக்கை ஒழுங்காகவே செய்தான்! அவனிடம் குறைந்திருந்தது அறிவன்று, விரைவே.

மாணவர்களே, உங்களில் மருத்துவராகப் போகிறவர்கள், "நோயாளி பிழைப்பாரா?" என்று கேட்பதோடு நில்லாமல், "பிழைத்தபின் எவ்வாறு வாழ்வார்?" என்றும் கேளுங்கள். மற்றவர்கள், நோயினின்று மீண்டு உங்கள் வகுப்பிற்கு வரும் தோழன் மெல்லப் பேசினால் பொறுத்திருங்கள். அவன் மறந்ததை நினைவூட்டுங்கள். ஆசிரியனாக நான் காலந்தாழ்ந்து கற்ற பாடத்தை நீங்கள் இளமையிலேயே கற்றுக்கொள்ளுங்கள்.