எழுத்து ஒலியாகிச் சென்ற வழி: மோடம் காலத்துப் பழுதறிதலும் தமிழும்

எழுத்து என்னும் சொல் தமிழ் இலக்கணத்தில் ஒலிவடிவத்தையும் வரிவடிவத்தையும் ஒருங்கே குறிக்கும். எழுத்தின் இயல்பு கூறப் புகுந்த நன்னூலார் ஒலியையே முதன்மையாகக் கொண்டார் என்பது நாம் அறிந்ததே. இவ்விலக்கணத்தைப் பயின்றோர்க்கு வியப்பளிக்கத்தக்க கருவி ஒன்று 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் வீடுகளுக்குள் வந்தது. கணினியில் உள்ள எழுத்தை ஒலியாக்கித் தொலைபேசிக் கம்பியில் செலுத்தி, மறுமுனையில் அவ்வொலியை மீண்டும் எழுத்தாக்கித் தந்த அக்கருவிக்கு மோடம் என்று பெயர். மாடுலேட்டர், டிமாடுலேட்டர் என்னும் இரு சொற்களைச் சுருக்கி இணைத்ததால் அப்பெயர் உண்டாயிற்று. பண்பேற்றி, பண்பிறக்கி எனத் தமிழில் கூறலாம்.

அக்கருவி பழுதுற்றபோது வீட்டிலிருந்தோர் அதனை எவ்வாறு கண்டறிந்தனர், அப்பழுதுகளுள் தமிழெழுத்தைச் சிறப்பாகத் தாக்கியது எது, அது இன்று நமக்கு விட்டுச்சென்றுள்ள பணி யாது என்னும் மூன்றனையும் வரலாற்று நோக்கில் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தோற்றமும் வளர்ச்சியும்

அமெரிக்காவின் ஏடி அண்டு டி நிறுவனம் 1962இல் வெளியிட்ட பெல் 103 என்னும் மோடம் நொடிக்கு 300 பிட் வேகத்தில் இயங்கியது. கணினி அறிந்த சுழி, ஒன்று என்னும் இரண்டு குறிகளையும் அது இரண்டு வெவ்வேறு ஒலிகளாக மாற்றியது. அழைக்கும் மோடம் 1070, 1270 ஹெர்ட்ஸ் அதிர்வுகளையும், விடையளிக்கும் மோடம் 2025, 2225 ஹெர்ட்ஸ் அதிர்வுகளையும் பயன்படுத்தின. இருமுனைகளும் ஒரே வேளையில் பேசினும் ஒன்றன் குரல் மற்றொன்றன் குரலோடு கலவாமைக்கு இப்பகுப்பே காரணம்.

அக்காலத்தில் தொலைபேசிக் கம்பியில் பிறருடைய கருவிகளை இணைப்பதற்கு அமெரிக்கத் தொலைபேசி நிறுவனம் இசைவு தரவில்லை. ஆகவே தொலைபேசியின் கைப்பிடியை இரண்டு ரப்பர்க் கிண்ணங்களில் பொருத்தி, ஒலியைக் காற்று வழியே ஊட்டும் முறை கையாளப்பட்டது. அறையில் கதவு அறைந்து சாத்தப்பட்டாலும் அவ்வோசை எழுத்துப் பிழையாகத் திரையில் தோன்றக்கூடும். 1968இல் அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் கார்ட்டர்ஃபோன் வழக்கில் அளித்த தீர்ப்பு, பிறர் கருவிகளை இணைப்பதற்கான கதவைத் திறந்தது.

1981இல் ஹேய்ஸ் நிறுவனத்தின் ஸ்மார்ட்மோடம் வெளிவந்தது. 'ஏடி' என்னும் இரண்டெழுத்தில் தொடங்கும் ஆணைகளைக் கணினியிலிருந்து தட்டச்சிட்டால் அது எண்ணைச் சுழற்றும், இணைப்பைத் துண்டிக்கும், நிகழ்ந்ததைச் சொல்லால் தெரிவிக்கும். 'நோ கேரியர்', 'கனெக்ட்' போன்றன அதன் விடைகள். பழுதறியும் கலைக்குக் கிடைத்த முதற்கலைச்சொற்கள் இவையே எனலாம். பின்னர் 1984இல் நொடிக்கு 9600 பிட், 1994இல் 28,800 பிட், 1998இல் 56,000 பிட் எனப் பன்னாட்டுத் தரங்கள் உயர்ந்தன. தொலைபேசி வழியோ மனிதக் குரலுக்கென ஒதுக்கிய 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான குறுகிய இடைவெளியாகவே இருந்தது.

இந்தியாவில் விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனம் 1995 ஆகஸ்ட் 15 அன்று பொதுமக்களுக்கான இணையச் சேவையைத் தொடங்கியது. சென்னையும் அதில் இடம்பெற்றது. 1998இல் தனியார் நிறுவனங்களுக்கும் இசைவு கிடைத்தது. அவ்வாண்டுகளில்தான் நம் ஊர்களில் மோடத்தின் ஒலி பரவலாகக் கேட்கத் தொடங்கிற்று.

செவியால் அறிந்த பழுது

மோடத்தினுள் ஒரு சிறு ஒலிபெருக்கி இருந்தது. எண் சுழற்றத் தொடங்கியது முதல் மறுமுனை மோடத்தோடு இசைவு காணும் வரையில் அது ஒலித்து, பின்னர் அடங்கிவிடும். இணைப்பின் எந்தப் படியில் இடையூறு நேர்ந்தது என்பதனைச் செவியால் உணர்வதற்கு அது பெரிதும் துணைநின்றது.

முதலில் தொலைபேசியின் டயல் ஒலி எழ வேண்டும். எழாவிடின், கம்பி மோடத்தின் தவறான துளையில் செருகப்பட்டிருக்கலாம்; சுவரிலிருந்து வரும் கம்பிக்கு ஒன்றும் தொலைபேசிக்கு ஒன்றுமாக இரண்டு துளைகள் இருந்தன. அன்றி, வீட்டின் மற்றோர் அறையில் கைப்பிடி சரியாக வைக்கப்படாதிருக்கலாம். டயல் ஒலி செவிக்குக் கேட்டும் மோடம் 'நோ டயல்டோன்' என்று கூறுவதுண்டு. அந்நிலையத்து ஒலி மோடம் எதிர்பார்த்த ஒலியினின்று வேறுபட்டது என்பதே அதன் பொருள். டயல் ஒலிக்குக் காத்திராமல் எண்ணைச் சுழற்றுமாறு 'எக்ஸ்3' என்னும் ஆணையைச் சேர்த்தால் அக்குறை நீங்கும்.

அடுத்து எண் சுழற்றும் ஒலி. பழைய ஸ்ட்ரோஜர் வகைத் தொலைபேசி நிலையங்கள் துடிப்பு முறையையே ஏற்றன. மோடம் தொனி முறையில் சுழற்றினால் எண்கள் முடிந்த பின்னும் டயல் ஒலி நில்லாது தொடரும். அதனைக் கேட்டவுடன், ஆணையில் உள்ள 'டி' என்னும் எழுத்தை நீக்கிப் 'பி' என மாற்ற வேண்டும் என்பது பயின்றோர்க்கு விளங்கிவிடும். அதன்பின் மணியொலி, இறுதியாக மறுமுனை மோடத்தின் நெடுங்குரல். அதற்கு மாறாக 'ஹலோ, யாருங்க?' என்று ஒரு மனிதக் குரல் கேட்டால் எண் தவறு. உடனே இணைப்பைத் துண்டித்து அவ்வீட்டாரை விடுவிப்பது பண்பு.

மறுமுனையின் நெடுங்குரல் பொருளற்ற இரைச்சலன்று. அதன் 2100 ஹெர்ட்ஸ் ஒலி, மனிதர் பேச்சுக்காகத் தொலைபேசி வழியில் அமைக்கப்பட்ட எதிரொலி நீக்கிகளைச் செயலொழியச் செய்வதற்கு உரியது. அதனைத் தொடரும் இரைச்சல், கம்பியின் தன்மையை இரு மோடங்களும் அளந்து, தம்மால் இயன்ற வேகத்தை உடன்பட்டுக்கொள்ளும் உரையாடல். இவ்வுரையாடல் மீண்டும் மீண்டும் தொடக்கத்திற்கே திரும்பினால் கம்பியில் இரைச்சல் மிகுதி என்று கொள்ளலாம். இக்கட்டுரையாளர் கல்லூரியில் பயின்ற நாள்களில், மதுரையில் இணையக் கடை நடத்திய ஒருவர், திரையைப் பாராமலேயே, 'இது நிக்காதும்மா, மறுபடி போடுறேன்' என்று இணைப்பைத் துண்டித்ததைக் கண்டதுண்டு. அவர் பொறியியல் கற்றவரல்லர்; பயின்ற செவியே அவருக்குத் துணையாயிற்று.

கம்பி முதல் கணினி வரை

இணைப்புக் கிடைத்த பின் தோன்றும் பழுதுகளைச் செவியால் அறிய இயலாது. அவற்றிற்கு ஒன்றன்பின் ஒன்றாக ஐயுற்று நீக்கும் முறை வேண்டியிருந்தது. உரையாசிரியர் ஐயம் எழுப்பி விடை காணும் முறையோடு இதனை ஒப்பிடலாம்.

இணைப்பு சில நிமிடங்களில் அறுபடுமாயின், வீட்டில் வேறொருவர் இணைதொலைபேசியை எடுத்தாரா, காத்திருக்கும் மற்றோர் அழைப்பைத் தெரிவிக்கும் ஒலி குறுக்கிட்டதா எனப் பார்க்க வேண்டும். மறுமுனைக் குரல் நொடிப்பொழுது மறைந்தாலும் மோடம் அழைப்பை முடித்துவிடும். 'எஸ்10' என்னும் பதிவேட்டின் எண்ணைக் கூட்டினால் அது சற்றுப் பொறுத்திருக்கும். இணைதொலைபேசிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்து, எதனைக் கழற்றியபோது குறை நீங்குகிறது என்று அறிவதும் வழக்கம்.

சுட்டியை அசைத்தவுடன் இணைப்பு உறைந்துபோவது அக்காலத்துப் பெரும்புதிர்களுள் ஒன்று. தனியாள் கணினியில் முதலாம் தொடர்வாயிலும் மூன்றாம் தொடர்வாயிலும் ஒரே குறுக்கீட்டு வழியைப் பகிர்ந்துகொண்டன. இரண்டாவதும் நான்காவதும் அவ்வாறே. சுட்டி முதலாம் வாயிலிலும் மோடம் மூன்றாம் வாயிலிலும் இருப்பின், ஒன்று அழைக்கும்போது மற்றொன்று தடைப்படும். மோடத்தை இரண்டாம் வாயிலுக்கு மாற்றுவதே தீர்வு. கம்பியையும் தொலைபேசி நிலையத்தையும் குறைகூறிக்கொண்டிருந்த பலருக்குப் பழுது தம் மேசையின்மீதே இருந்தது இவ்வாறு தெரியவந்தது.

எட்டாவது பிட்

இனித் தமிழெழுத்தைத் தாக்கிய பழுதுக்கு வருவோம். கணினியின் ஓர் எழுத்துக்கு எட்டு பிட் இடம் உண்டு. ஆஸ்கி என்னும் ஆங்கில எழுத்து முறைக்கு ஏழு பிட் போதும். 128 இடங்களுள் அது அடங்கிவிடும். ஆகவே எட்டாவது பிட்டைப் பிழைகாண் குறியாகப் பயன்படுத்திய அமைப்புகள் பல இருந்தன. இருமுனைகளிலும் இவ்வமைப்பு ஒத்திராவிடின் ஏறத்தாழப் பாதி எழுத்துகள் பிழையாகத் தோன்றும். 1982இல் வகுக்கப்பட்ட மின்னஞ்சல் விதிமுறையும் ஏழு பிட் எழுத்தையே கருத்திற்கொண்டது.

தமிழெழுத்துகளுக்கோ கிடைத்த இடம் மேற்பகுதியாகிய அடுத்த 128 இடங்கள். உலகின் பல நாடுகளில் வாழ்ந்த தமிழர் மின்னஞ்சல் வழியே கலந்துரையாடி உருவாக்கிய தஸ்கி என்னும் குறிமுறையில் ஆங்கிலம் கீழ்ப்பகுதியிலும் தமிழ் மேற்பகுதியிலும் அமைந்தன. எட்டாவது பிட் வழியில் நீக்கப்பட்டால் ஒவ்வொரு தமிழெழுத்தின் எண்ணிலிருந்தும் 128 குறைந்துவிடும். தஸ்கியில் 'க' 184ஆம் இடம். 128 குறைந்தால் 56. அது 8 என்னும் எண்ணுருவின் இடம். 'ம' 193, குறைந்தால் 65. அது ஆங்கிலப் பெரிய 'ஏ'. 'அ' 171, குறைந்தால் 43. அது கூட்டற்குறி. தமிழ் எண்களில் க என்பது ஒன்றையும் அ என்பது எட்டையும் குறிக்கும் என்பதை அறிந்த நமக்கு, 'க' எட்டாக மாறிய விந்தை நகைப்பும் வருத்தமும் ஒருங்கே தருவது.

ஆங்கில மடல் ஓரெழுத்தும் பிறழாமல் சென்ற அதே வழியில் தமிழ் மடல் முற்றும் சிதைந்தது. பழுது கம்பியிலும் இல்லை, மோடத்திலும் இல்லை. வழியை அமைத்தோர் ஒரு மொழியையே எண்ணி அமைத்ததில் இருந்தது. இதனாலேயே அக்காலத்து இணைய உரையாடற் களங்களில் தமிழர் பலர் தமிழை உரோமன் எழுத்தில் எழுதினர். அதனை மொழிப்பற்றின்மை எனச் சிலர் கடிந்தனர். ஏழு பிட் வழியில் தமிழ் சிதையாமல் சென்று சேர அவர்கள் கண்ட வழி அது என்பதே வரலாற்றுக்குப் பொருந்தும் விளக்கம்.

இப்பழுதைக் கண்டறியவும் ஒரு முறை இருந்தது. ஆங்கிலம், தமிழ் இரண்டும் சிதைந்தால் இணைப்பின் அமைப்பில் குறை. ஆங்கிலம் நலமாக இருக்க, தமிழ் ஆங்கில எழுத்தும் எண்ணும் குறியுமாகத் தோன்றினால் எட்டாவது பிட் இழக்கப்பட்டது. தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் ஐரோப்பிய மொழிகளின் மேற்குறியிட்ட எழுத்துகள் தோன்றினால் பிட்டுகள் நலமாக வந்துள்ளன, எழுத்துருவே இல்லை. 1992இல் வந்த மைம் என்னும் முறை எட்டு பிட் எழுத்தை ஏழு பிட்டில் பொதிந்தனுப்ப வழி செய்தது. இருமுனை மென்பொருள்களும் அதனை அறிந்திருந்தால்தான் பயன் விளைந்தது.

இத்தகைய இடர்களுக்கிடையில்தான் தமிழ் இணையம் வளர்ந்தது. தொடக்ககாலத் தமிழ் இணையப் பக்கங்களுள் ஒன்று ஒரு கவிதைத் தொகுப்பு என்பது நம் வட்டத்துக் கவிஞர்கள் மகிழத்தக்க செய்தி. 1995 அக்டோபரில் சிங்கப்பூரில் தொடங்கப்பட்ட பன்மொழிக் கவிதைப் பக்கத்தில், நா. கோவிந்தசாமி, டான் டின் வீ ஆகியோரின் முயற்சியால் தமிழ்க் கவிதைகள் தமிழெழுத்திலேயே இடம்பெற்றன. 1997இல் சிங்கப்பூரிலும் 1999இல் சென்னையிலும் தமிழ் இணைய மாநாடுகள் கூடின. 1998 பொங்கலன்று, சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் ஒருங்கிணைக்க, மதுரைத் திட்டம் தொடங்கிற்று. அதன் தன்னார்வலர்கள் நம் இலக்கியங்களைத் தட்டச்சிட்டு இணையத்தின் வழியே பகிர்ந்தனர். சங்க நூல்களை இன்று ஒரு நொடியில் தேடும் நாம், அவற்றை முதலில் இணையத்தில் ஏற்றியோரின் உழைப்பை நினைவுகூர்தல் கடன்.

நம்முன் உள்ள பணி

அகன்ற அலைவரிசை பரவியதும் மோடத்தின் ஒலி வீடுகளில் அடங்கிற்று. அமெரிக்காவின் ஏஓஎல் நிறுவனம் 2025 செப்டம்பர் 30 அன்று தன் தொலைபேசிவழிச் சேவையை நிறுத்தியது. ஒருங்குறி பரவியதால் எட்டாவது பிட் பற்றிய கவலையும் புதிய எழுத்துகளுக்கு இல்லை. பழைய எழுத்துகளுக்கு உண்டு.

1990களிலும் 2000களின் தொடக்கத்திலும் கணினியில் எழுதிய கவிஞர்களின் படைப்புகள் பல, தஸ்கியிலும் தனித்தனி எழுத்துருக் குறிமுறைகளிலும் நெகிழ்வட்டுகளிலும் குறுவட்டுகளிலும் கிடக்கின்றன. இன்று அவற்றைத் திறப்போர் மேற்குறியிட்ட ஐரோப்பிய எழுத்துகளைக் கண்டு, கோப்பு கெட்டுவிட்டது எனக் கருதி எறிந்துவிடுகின்றனர். முன்னர்க் கூறிய முறைப்படி, அத்தோற்றம் பிட்டுகள் நலமாக உள்ளன என்பதற்கான அடையாளம். எந்தக் குறிமுறை என்று அறிந்தால் அவற்றை ஒருங்குறிக்கு மாற்றலாம். எட்டாவது பிட்டை இழந்த மடல்களிலும் 128ஐக் கூட்டிப் பெரும்பகுதியை மீட்கலாம். எண்ணும் ஆங்கிலமும் கலந்த இடங்களில் எது மூலம் என்பதைத் தமிழறிந்த ஒருவர் படித்தே தீர்மானிக்க வேண்டும். ஏட்டுச்சுவடியில் சிதைந்த எழுத்தைப் பொருளும் யாப்பும் நோக்கி மீட்ட பதிப்பாசிரியரின் பணிக்கு இது இனமானது.

நெகிழ்வட்டின் காந்தப் பூச்சு நாள்தோறும் தேய்வது. படிக்கும் கருவிகளும் அருகி வருகின்றன. ஆகவே பத்தாண்டு நிறைவு காணும் நம் வட்டம், உறுப்பினர்களின் பழைய வட்டுகளைத் திரட்டி, அவற்றின் மூலப்படியை மாற்றாமல் படியெடுத்து, பயன்பட்ட எழுத்துருவின் பெயரையும் எழுதிய ஆண்டையும் குறித்துவைத்து, பின்னர் ஒருங்குறியாக்கும் பணியை மேற்கொள்ளுதல் நன்று. எழுதியவர்கள் நம்மிடையே இருக்கும்போதே, ஐயமான இடங்களை அவர்களிடமே கேட்டுத் திருத்திக்கொள்ள இயலும். அவ்வாய்ப்பு சுவடிப் பதிப்பாசிரியர் எவருக்கும் கிட்டாதது.