ஒற்றைக்கண் உயிரும் நரம்புச் சிலந்தியும்

இராஜஸ்தானத்திலும் குஜராத்திலும் குடியேறி வாழும் நம்மவர், அங்குள்ள படிக்கிணறுகளின் சிற்ப வனப்பைக் கண்டு வியவாதிரார். வறண்ட நிலத்தில் நீரைப் போற்றிக் காத்த முன்னோரின் அறிவுக்கு அவை சான்று. ஆயினும் அப்படிகளின் அடியில் தேங்கிய நீரிலேயே நெடுங்காலம் ஒரு நோயும் குடியிருந்தது. தமிழ்நாட்டிலும் ஒருகாலத்தில் பரவியிருந்த அந்நோயை நம் முதியோர் நரம்புச் சிலந்தி என்றனர்.

தேங்கிய நீர் வெறும் நீரன்று. அதில் மிதந்து வாழும் சிற்றுயிர்கள் எண்ணிறந்தன. நுண்ணிய பாசியை அவை உண்ண, அவற்றை மீன்குஞ்சுகள் உண்கின்றன. அவற்றுள் ஒன்று சைக்கிளாப்ஸ். ஓரிரு மில்லிமீட்டர் அளவுள்ள இவ்வுயிருக்குக் கண் ஒன்றே. ஆதலின் கிரேக்கக் கதையில் வரும் ஒற்றைக்கண் அரக்கனின் பெயரைப் பெற்றது. விரைந்தோடும் ஆறு இதனை அடித்துச் செல்லும். குளத்திலும் படிக்கிணற்றிலுமோ இது பல்கிப் பெருகும்.

1870-ஆம் ஆண்டில் துருக்கிஸ்தானத்தில் ஆராய்ந்த ருஷ்ய அறிஞர் அலெக்சி ஃபெட்செங்கோ, நரம்புச் சிலந்திப் புழுவின் குஞ்சுகள் சைக்கிளாப்ஸின் உடலில் புகுந்து வளர்வதைக் கண்டார். அந்நீரைப் பருகியவர் உடலில் ஏறத்தாழ ஓராண்டு வளரும் பெண்புழு, ஒரு மீட்டர் வரை நீண்டு, பெரும்பாலும் காலில் கொப்புளம் எழுப்பி வெளிப்படும். அதனைக் குச்சியில் சுற்றிச் சிறிது சிறிதாக இழுப்பதே பண்டைய மருத்துவம். எரிச்சல் தாளாது நோயாளி நீரில் காலை வைப்பார். உடனே புழு தன் குஞ்சுகளை அந்நீரில் விடும். ஆகவே, தண்ணீர் மொள்ளப் படியிறங்கியவரே தம்மை அறியாமல் ஊருக்கு நோயைத் தந்தனர்.

இதற்குத் தடுப்பூசி இல்லை. புழுவைக் கொல்லும் மருந்தும் இல்லை. 1984-இல் இந்தியாவில் ஏறத்தாழ 40,000 பேர் இதனால் வாரக்கணக்கில் உழைப்பிழந்து கிடந்தனர். ஒழிப்புப் பணியாளர் சிற்றூர்தோறும் சென்று நோயாளிகளைத் தேடினர்; அவர்களை நீரில் இறங்காது காத்தனர்; குடிநீரைத் துணியால் வடிகட்டக் கற்பித்தனர். டெமிபாஸ் மருந்தை நீரில் அளவோடு இட்டு சைக்கிளாப்ஸின் பெருக்கத்தைத் தணித்தனர். படிக்கிணறுகளுக்கு மாற்றாக அடிகுழாய்கள் அமைந்தன. 1996 ஜூலையில் ஜோத்பூர் மாவட்டத்தில் காணப்பட்டதே நாட்டின் கடைசி நோய்; 2000-இல் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவை இந்நோயினின்று விடுபட்ட நாடாக அறிவித்தது.

சைக்கிளாப்ஸ் அழிந்துவிடவில்லை. இன்றும் நம் ஏரி குளங்களில் மீன்குஞ்சுகளுக்கு இரையாகி வாழ்கிறது. அறுபட்டது, புண்பட்ட காலுக்கும் குடிநீருக்கும் இருந்த தொடர்பு ஒன்றே. ஓர் எளிய உயிரின் வாழ்முறையை அறிந்து, அவ்வறிவைக் குடிசைதோறும் கொண்டு சேர்த்த உழைப்பே நம் நாட்டுக்கு இவ்வெற்றியை ஈட்டித் தந்தது.